மெத்தையோடு போன நாவல்

தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்குக் 'கதை மேடம்' என்று பெயர். வைத்தவர் மேலதிகாரி. "புகார் சொல்றவங்ககிட்ட கதை விடுங்க மேடம், எங்ககிட்ட விடாதீங்க" என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்திருப்பாள். குழாயில் காற்று மட்டும் வருகிறது, தண்ணீர் துரு நிறத்தில் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்று ஊரின் கோபமெல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில், "பதிவு பண்ணிட்டேங்க, ஆள் வருவாங்க" என்பாள்.

விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்பது வருடம் எழுதிய நாவல் அவளுடையது. பெயர் 'வால்வுக்குழி'. இருபது வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி. தம்பி, தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் வால்வைத் திறந்து மூடுகிற வேலைக்காரன். பஞ்ச காலத்தில் அண்ணனுடைய தெருவுக்கு முறை வராமல் போகிறது. திறப்பானா, மாட்டானா என்பதுதான் நானூறு பக்கமும்.

ஐந்நூறு பிரதி அச்சடித்தார்கள். "எழுதுறது பாதி வேலைதான் மேடம். மீதிப் பாதிக்கு நீங்க வெளிய தெரியணும்" என்றார் பதிப்பாளர். கதை மேடம் வெளியே தெரிவதற்காகப் படாத பாடு பட்டாள். நாற்பது நாற்காலி போட்டு வெளியீட்டு விழா வைத்தாள்; பதினோரு பேர் வந்தார்கள், அதில் இருவர் மைக் செட்காரர்கள். கணவர் கைப்பேசியைப் பிடிக்க, அவள் முதல் அத்தியாயத்தைப் படித்துக்காட்டிய காணொளியை அறுபத்தேழு முறை பார்த்திருந்தார்கள். நாற்பது முறை அவளுடைய அண்ணனே பார்த்ததாக அவனே பெருமையாகச் சொன்னான். புத்தகக் கண்காட்சிக்கு ஒரு வாரம் விடுப்பெடுத்துக் கடை ஓரத்தில் நின்றாள். வந்தவர்கள் அவளிடம் போட்டித்தேர்வுப் புத்தகம் எங்கே என்றும், கழிப்பறை எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் வழி காட்டினாள். புகார்ப் பிரிவின் பழக்கம்.

ஒரே ஒரு மதிப்புரை வந்தது. 'நாவலின் கடைசிப் பகுதி தங்குதடையில்லாத ஓட்டம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை வெட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பதிப்பாளர் கூப்பிட்டார்.

"மேடம், குடோனைக் காலி பண்றோம். உங்க புத்தகம் முந்நூத்துப் பத்து இருக்கு. நீங்க எடுத்துக்கிறீங்களா, இல்ல..."

"இல்லன்னா?"

"பழைய பேப்பருக்குப் போயிடும் மேடம். எனக்கு மட்டும் ஆசையா?"

கதை மேடத்தின் வீடு இரண்டு அறை. முந்நூற்றுப் பத்துப் புத்தகத்தை வைத்தால் மனிதர்கள் வெளியே படுக்க வேண்டியதுதான். யோசித்து யோசித்து அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் மெத்தைக் கடை வைத்திருந்தான். தன் ஐம்பத்தாறு வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"இதுக்கா பாப்பா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த? வண்டி அனுப்புறேன், எல்லாத்தையும் இங்க இறக்கு. டபுள் மெத்தை வாங்கினா ஒரு நாவல் இலவசம். எப்படி?"

"அண்ணே, படிக்கிறவங்க கைக்குப் போகணும்ண்ணே."

"கைக்குப் போனாத்தானே படிப்பாங்க? குடோன்ல எலி படிக்குதா?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். மறுநாளே கடை வாசலில் பலகை ஏறிவிட்டது: 'சுகமான தூக்கம், சுவையான நாவல்.' இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்தவர்கள் யோசித்தார்களோ என்னவோ, அவள் யோசித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வரச் சொன்னான். கடையின் நடுவில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு மெத்தையின் ஓரத்தில் அவளை உட்கார வைத்தான். அவள் அசையும்போதெல்லாம் உறை நொறுநொறுவென்று சத்தம் போட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒவ்வொரு மெத்தையாகப் படுத்துப் பார்த்தது. பில் போட்ட பிறகு அண்ணன் அவர்களைக் கூட்டிவந்து, "இவங்கதான் எழுதினவங்க, என் கூடப் பிறந்தவ" என்றான். மாப்பிள்ளை சங்கடமாகச் சிரித்தான். பெண் புத்தகத்தை வாங்கி, கையால் எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்குப் பதிலா தலகாணி உறை கிடைக்குமா?" என்று அண்ணனிடம் கேட்டாள். கெட்ட எண்ணமில்லாத கேள்வி.

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டுமே வச்சுக்கோம்மா" என்றான்.

நான்கு மாதத்தில் புத்தகம் பெரும்பாலும் போய்விட்டது. "பாத்தியா, உன் பதிப்பாளர் ரெண்டு வருஷத்துல பண்ணாததை நான் நாலு மாசத்துல பண்ணிட்டேன்" என்றான் அண்ணன். அவளும் சிரித்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. மதிய உணவு இடைவேளை. பேசியது ஒரு பெண். மெத்தைக் கடையில் எண் வாங்கியதாகச் சொன்னாள்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். எங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. அவருக்குத்தான் மெத்தை வாங்கினோம். கூட உங்க புத்தகம் குடுத்தாங்க. தினம் சாயங்காலம் நான் படிச்சுக்காட்டுவேன். இப்ப ஒரு புகார் மேடம்."

புகார் என்ற சொல்லைக் கேட்டதும் கை தன்னால் பேனாவை எடுத்தது. "சொல்லுங்க."

"இருநூத்து எண்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் சரியா இருக்கு. அடுத்த பக்கம் மறுபடி இருநூத்து எழுபத்துமூணுன்னு வருது. அதே பதினாறு பக்கம் ரெண்டாவது தடவை. அது முடிஞ்சா நேரா முந்நூத்தஞ்சு. நடுவுல தம்பிக்காரன் வால்வைத் திறக்கப் போனானே, அது என்ன ஆச்சுன்னே இல்ல. அப்பா ரெண்டு நாளா அதையே கேட்டுட்டு இருக்காரு."

விட்டுப்போன பதினாறு பக்கத்தில்தான் அண்ணனும் தம்பியும் விடியற்காலையில் குழியின் ஓரத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒன்பது வருடத்தில் மூன்று வருடம் அதற்கே போயிற்று. கதை மேடம் பேனாவை வைத்துவிட்டு, "ஒரு பிரதி மட்டும் அப்படி ஆகியிருக்கும்மா. நான் வேற அனுப்புறேன்" என்றாள்.

மாலையில் அண்ணன் கடைக்குப் போனாள். மிச்சம் இருபத்துமூன்று புத்தகம். ஒவ்வொன்றாக இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்தாள். இருபத்துமூன்றிலும் அடுத்த பக்கம் இருநூற்று எழுபத்துமூன்று. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த தன் பிரதியை எடுத்தாள். அச்சாகி வந்த நாளில் முகர்ந்து பார்த்ததோடு சரி, தப்பு எதுவும் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் காணொளிக்குப் படித்த முதல் அத்தியாயத்தைத் தாண்டி அவள் படித்ததே இல்லை. அதிலும் அப்படித்தான். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பதினெட்டாவது ஃபாரத்தை இரண்டு முறை வைத்து, பத்தொன்பதாவதை விட்டுவிட்டுத் தைத்திருக்கிறார்கள். மொத்த அச்சும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

அவளுக்கு முதலில் அச்சகத்தின் மேல்தான் கோபம் வந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் மற்றது உறைத்தது. இரண்டு வருடம். நூற்றுத் தொண்ணூறு பேர் காசு கொடுத்தோ கொடுக்காமலோ கொண்டுபோயிருக்கிறார்கள், மெத்தையோடு இருநூற்றுச் சொச்சம் பேர். முடிவு பிரமாதம் என்ற மேலதிகாரி. தங்குதடையில்லாத ஓட்டம் என்று எழுதியவர். ரொம்ப நல்லா இருந்தது என்று எழுதிய மூன்று பேர். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை; அதிர்ந்து பேசாத மனிதர். நாவல் வந்த மாதமே படித்து முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

"என்னங்க, என் நாவல்ல அண்ணனும் தம்பியும் குழிகிட்ட சந்திக்கிற இடம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சே. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அவள் புத்தகத்தை விரித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பக்க எண்ணைப் பார்த்தார், திருப்பினார், மறுபடி பார்த்தார். சோற்றுக் கை காற்றில் அப்படியே நின்றது.

"நூறு பக்கம் படிச்சேன்" என்றார் கடைசியில். "சத்தியமா படிச்சேன். அப்புறம் தினமும் நீ என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தியா... முடிச்சிட்டேன்னு சொன்னா உனக்கு நிம்மதியா இருக்கும்னு தோணுச்சு."

அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. உண்மையிலேயே அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, இரண்டு வருடம்.

பதிப்பாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அந்த பைண்டிங்காரர் தொழிலையே விட்டுட்டுப் போயிட்டாரு மேடம். நான் யாரைப் போய்க் கேக்குறது? ரெண்டு வருஷமா யாரும் கவனிக்கல. நீங்களா ஏன் கிளப்புறீங்க? வெளிய தெரிஞ்சா உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

"அந்தப் பதினாறு பக்கத்தை மட்டுமாவது அடிச்சுக் குடுங்க சார்."

"யாருக்கு மேடம்?" என்றார் அவர். ஏளனமில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் கடை பில்களில் எல்லாருடைய எண்ணும் இருந்தது. மதிய இடைவேளைகளில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். "மெத்தையோட ஒரு நாவல் குடுத்தோமே, அதுல பதினாறு பக்கம் விட்டுப்போச்சுங்க. அனுப்பி வைக்கட்டுமா?"

"எந்த நாவல்?" என்றார் ஒருவர்.

"மெத்தைக்கு வாரண்டி இருக்குல்ல?" என்றார் இன்னொருவர்.

ஒரு பெண்மணி பதறிப்போய், "ஐயோ, கட்டில் கால் ஒண்ணு குட்டையா இருந்துச்சும்மா, அதுக்கு அடியில வச்சிருக்கோம். எடுக்கணுமா?" என்றாள்.

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள் கதை மேடம்.

நாற்பத்தொரு பேரைக் கூப்பிட்டாள். நாற்பத்திரண்டாவது ஆள், "இப்படித்தான் போன்ல பேசி ஏமாத்துறாங்க" என்று திட்டிவிட்டு வைத்தார். அதோடு நிறுத்திக்கொண்டாள். நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவள்தான். ஆனால் அது வேலை. இது அப்படி இல்லை.

மிஞ்சியது படுக்கையில் இருந்த அந்த ஒருவர். சனிக்கிழமை, தன்னிடமிருந்த மூலப்பிரதியிலிருந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் அச்செடுத்து, பின் அடித்து, தானே எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த மகளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்தே தையல் வேலை பார்ப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நீங்களே வந்துட்டீங்களா அக்கா? அப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

உள்ளறையில் அண்ணன் கடை மெத்தை. அதன்மேல் மெலிந்து ஒட்டிப்போன ஒரு மனிதர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் முப்பது வருடம் இருந்தவராம். வலப்பக்கம் கை கால் விளங்கவில்லை. பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

"வாம்மா" என்றார். "நீதான் அந்தக் கிராதகியா?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்பா!"

"பின்ன? வால்வைத் திறக்கப் போனவனை ஒரு வாரமா நடுரோட்ல நிக்க வச்சிருக்கா."

கதை மேடம் வாய்விட்டுச் சிரித்தாள். எழுதின ஒன்றுக்காக ஒருவர் அவளை உரிமையோடு திட்டுவது அதுதான் முதல் தடவை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். பதினாறு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் மகள் வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள். அப்போது மட்டும் நிறுத்தினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அவள் குரலைத் தாழ்த்தினால், இடக்கையால் மெத்தையைத் தட்டினார். அண்ணன்காரன் குழியின் விளிம்பில் நின்று தம்பியைப் பார்க்கிற இடத்தில், "ம்" என்றார். அங்கேதான் தண்ணீர் போகிற சத்தம் கேட்கிறது. இருவரும் ஒன்றும் பேசாமல் பிரிகிறார்கள்.

"இப்படித் திறக்கக் கூடாது" என்றார் முடிவில்.

"ஏங்க?"

"கனமான வால்வை ஒரே மூச்சுல திறந்தா குழாய் உடைஞ்சிடும். கொஞ்சம் திறந்து, நிறுத்தி, மறுபடி திறக்கணும். மாத்தி எழுது."

"எழுதுறேங்க" என்றாள். மாற்ற இனி எந்தப் பதிப்பு வரப்போகிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

"சரி, அதை விடு. கடைசியில அண்ணன் பேசுறானா, இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! கேட்ட உடனே சொல்லிவிட மனம் வரவில்லை. ஒரு எழுத்தாளருக்குரிய கர்வம், இரண்டு வருடத்தில் முதன்முதலாக அவளுக்குள் எட்டிப் பார்த்தது.

"சொல்ல மாட்டேனே" என்றாள் சிரித்துக்கொண்டே. "இன்னும் நூறு பக்கம்தான். படிச்சுத் தெரிஞ்சுக்குங்க."

"கிராதகிதான்" என்றார் அவர்.

அன்று மூன்று மாடியும் இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவருக்கு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் தானும் நூற்றொன்றாம் பக்கத்திலிருந்து படிக்கப்போவதாகச் சொல்லி, உண்மையாகவே புத்தகத்தை எடுத்துவைத்தார்.

பத்து நாள் கழித்து அவளே தையல்காரிக்குப் போன் செய்தாள். எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்கத்தான்.

"அப்பாவுக்குப் போன திங்கக்கிழமை மறுபடி பக்கவாதம் வந்துடுச்சுக்கா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியில வச்சிருந்து நேத்துதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. பேச்சு இல்ல. காது கேக்குதான்னும் தெரியல. முந்நூத்து நாப்பதுல நிக்குது. ஆஸ்பத்திரியிலயும் தினம் படிச்சுப் பாத்தேன். என்னையே பாக்குறாரு. அவருக்குப் புரியுதோ இல்லையோன்னு நினைச்சாலே எனக்கு மேல படிக்க முடியலக்கா."

கதை மேடம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதே அறை. படுத்திருந்தவரின் கண்கள் திறந்திருந்தன. மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவர் கையைத் தொட்டாள். இடக்கை சூடாக இருந்தது, தட்டவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மெத்தைக்கு இலவசமாகப் போன புத்தகம்தானே? அதற்கு என்ன ரகசியம் வேண்டிக்கிடந்தது?

"அப்பாகிட்ட சொல்லுங்கக்கா" என்றாள் மகள். "கேட்டாலும் கேக்கும்."

கதை மேடம் அவர் காதருகே குனிந்தாள். இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. படிக்கும்போது இருந்த குரல் வரவில்லை.

"தம்பிக்கு வேலை போயிடுதுங்க" என்றாள். "அண்ணன்தான் முதல்ல வந்து பேசுறாரு. மன்னிப்பெல்லாம் கேக்கல, சாப்டியான்னு கேக்குறாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்காங்க."

வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தாள். அவ்வளவு நாள் மேசையில் உட்கார்ந்து எழுதியது, வாயால் சொன்னால் இவ்வளவுதான் வந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஈரத்துணியால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் ஏதோ வரும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"அவ்ளோதானாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவ்ளோதாம்மா" என்றாள் கதை மேடம்.